குடும்பப்பெயர்: துய்க்

மிஷன் வீதியில் மாடி அறை.
பக்கத்துக்கு நானூறு ரூபாய், முத்திரைக்குத் தனி.
பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும்
பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும்
தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும்
கரையேற்றுவது என் பிழைப்பு.

கடவுள்கள்தாம் இதில் கஷ்டம்.
அடுத்தபடி பிரபுக்கள்.

ஆண்டவன் என்று வருமிடத்தில் பேனா நின்றுவிடும்.
ஆள்பவன் இல்லையாம், ஆண்டவன்.
இறந்தகாலத்தில் இருப்பவரிடம்
நாளைக்கு மழை வேண்டும் என்று எப்படிக் கேட்பது?
இறைவனைப் பிரித்தால் இறை,
இறை என்றால் வரி;
ரசீது தருவாரா தெரியாது.
கோயிலில் முதலில் கோ இருந்தான்.
அரசன் எப்போது காலி செய்தான்,
சாமி எப்போது குடிவந்தது,
ஒப்பந்தம் யாரிடமும் இல்லை.
கர்த்தர் வெறும் எழுவாய்.
பயனிலைக்குக் காத்திருக்கிறோம்
ஞாயிறுதோறும், முழங்காலில்.

முல்லா வீதி ஹமீதா உம்மாளின் பத்திரத்தில்
ரப்பு என்று இருந்தது.
அரசன் என்று போடவா என்றேன்.
"வளர்க்கிறவன்னு போடுங்க,
அதுவும் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.
அன்று ஒரு பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

பிரெஞ்சுக்காரரின் செஞ்யேர்
தோண்டிப் பார்த்தால் வயசில் மூத்தவர், அவ்வளவே.
இங்கிலீஷ்காரரின் லார்டு
ஒரு காலத்தில் ரொட்டிக்குக் காவல் இருந்த ஆள்.
முசே என்றால் என் பிரபு.
இந்த ஊரில் கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் முசேதான்.

வெள்ளிக்கிழமை, மின்சாரம் போன நேரம்,
தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில்
ஐஸ் கட்டி சுமக்கிற செலெஸ்தேன் வந்தார்.
தோளில் துண்டு நனைந்திருந்தது.
பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை,
கடைசியில் ஒரு காகிதம்:
கொள்ளுத்தாத்தா பழைய பெயரைக் கைவிட்டு
புதுப்பெயர் எடுத்துக்கொண்ட நாள்,
அடியில் கட்டைவிரல் ரேகை,
மேலே சாய்வெழுத்தில் துய்க்.

"அப்படின்னா என்னங்க மதாம்?"

கோமகன் என்றேன்.
ராஜாவுக்கு அடுத்த படி.
படையை முன்னால் நின்று நடத்துகிறவன்.

சிரித்தார். சிரித்து முடிய நேரமாயிற்று.

"எங்க வீட்ல வேற கதைங்க.
அவரு மூட்டை எறக்கிட்டு நேரா போயிருக்காரு.
என்ன பேரு வேணும்னு வெள்ளைக்காரன் கேக்குறான்.
இவருக்கு பாஷ தெரியல.
கையில இருக்கிறத கேக்குறான்னு நெனச்சு
தூக்குன்னாரு.
கஞ்சித் தூக்குங்க, மூடி போட்டது.
அவன் எழுதிட்டான்."

தூக்கு என்பதற்குக் கயிறு என்றும் ஒரு பொருள் உண்டு.
நான் சொல்லவில்லை.
அவர் தம்பி எப்படிப் போனான் என்று
இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது.

பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது, இது விதி.
உள்ளபடியே எழுதினேன்: துய்க்.
எழுதும்போது அந்தப் பாத்திரத்தின் மூடி
சற்றே நகர்ந்தது.
உள்ளே கஞ்சி, ஓரத்தில் ஒரு மிளகாய்.
அதைக் காத்துக்கொண்டு
வரிசையில் நின்றவனை
ரொட்டிக்குக் காவல் இருந்தவனின் மொழியில்
என்ன சொல்லியிருப்பார்கள்?
எழுத்தர் தப்பாகத்தான் கேட்டார்.
தப்பு எங்கேயோ போய்ச் சரியாக இறங்கியிருக்கிறது.

மூன்று பக்கம், ஆயிரத்து இருநூறு.
ஈர நோட்டுகளை எண்ணி வைத்தார்.
கதவருகே இருபது லிட்டர் தண்ணீர் கேன்
இரண்டு நாளாகத் தரையில் கிடந்தது,
என்னால் முடியாமல்.
யாரும் கேட்கவில்லை.
ஒரு கையால் எடுத்துக் கவிழ்த்து
ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

கேனுக்குள் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன.

மெர்சி, முசே, என்றேன்.
தெருச் சத்தத்தில் கேட்டிருக்காது.